ஊற்றைத் திருத்தும் தொண்டு

எழுத்து, எழுதியவன் காலத்திற்குப் பின்னும் நிலைக்கத்தக்கது. ஆயினும், அது தானே நிலைபெறுவதன்று. ஓலையைச் செல் அரிக்கும்; தாளை நீர் அழிக்கும். இணையத்தில் எழுதியதற்குச் செல்லும் இல்லை, நீரும் இல்லை. எனினும், அதனைத் தாங்கி நிற்கும் கணிப்பொறியை உடையார் நிறுத்திய அன்றே அவ்வெழுத்து அடியோடு மறையும்.

ஜியோசிட்டீஸ் என்னும் அமைப்பின் வரலாறு இதற்குச் சான்றாகும். 1994 இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற அது, பொதுமக்கள் தமக்கெனப் பக்கங்கள் அமைத்துக்கொள்ள விலையின்றி இடம் அளித்தது. குடும்பச் செய்திகளையும் பயணக் குறிப்புகளையும் எண்ணிறந்தோர் அங்கே எழுதி வைத்தனர். 1999 இல் அதனை வாங்கிய யாகூ நிறுவனம், 2009 அக்டோபரில் மூடிவிட்டது. மூடுமுன், ஆர்க்கைவ் டீம் என்னும் தொண்டர் குழுவினர் இயன்றவரை பக்கங்களைப் படியெடுத்து, 2010 இல் யாவரும் பெறுமாறு வெளியிட்டனர்.

இத்தகைய பணிக்கு உதவும் கருவிகளுள் ஒன்று டபிள்யூகெட். குரோவேசிய நாட்டினராகிய ஹர்வோயே நிக்சிச் என்பவரால் 1996 இல் வெளியிடப்பட்டது அது. அதன் மூலநிரல் மறைக்கப்பட்டதன்று. எவரும் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். இவ்வுரிமையே பலருடைய உழைப்பு ஒரு கருவியில் வந்து கூடுதற்கு வழி செய்தது.

ஒருத்தி, மறைந்த தன் தந்தை இணையத்தில் எழுதிய நாட்குறிப்புகளைத் திறந்த நிரல் கருவி ஒன்றால் படியெடுக்கின்றாள் எனக் கொள்க. எழுத்துகள் யாவும் வந்தன. படங்கள் சில வரவில்லை. கருவி யாதொரு பிழையும் அறிவிக்கவில்லை. இஃது அஞ்சத்தக்க குறையாகும். ஏனெனில், படியின் குறை பெரும்பாலும் மூலம் மறைந்த பின்னரே கண்ணிற்படும்; அன்று அறிந்தும் பயனில்லை. அவளோ ஒப்புநோக்கினாள். ஆங்கிலமல்லாத எழுத்துகளால் பெயரிட்ட படங்களே விடுபட்டன என்று கண்டாள். நிரலைப் படித்து, இரண்டு வரிகளைத் திருத்தினாள். படங்களும் வந்தன.

அவள் தன் பணி முடிந்தது என்று அமைந்துவிடலாம். ஆனால், தன் குடத்து நீரை மட்டும் வடிகட்டிக் கொள்வதும், ஊற்றின்கண் படிந்த சேற்றை அகற்றுவதும் ஒன்றாகா. பண்டு ஏடு பெயர்த்தெழுதியோர் தம் படியைத் திருத்தினும், பிற ஊர்ப் படிகளில் அப்பிழை நின்றே தீரும். திறந்த நிரலிலோ, மூலத்தில் சேர்ந்த திருத்தம் அதன்பின் வெளிவரும் படிகளுக்கெல்லாம் உரியதாகும்.

திருத்தம் அனுப்பும் முறையும் எளியதே. நீக்கிய வரியின் முன் கழித்தற்குறியும், சேர்த்த வரியின் முன் கூட்டற்குறியும் இட்டு, மாற்றத்தை மட்டும் காட்டும் சிறு கோப்பு அனுப்பப்படும். லாரி வால் என்பவர் 1985 இல் இயற்றிய பேட்ச் என்னும் கருவி, அக்கோப்பைப் படித்துத் திருத்தத்தை உரிய இடத்தில் பொருத்தும். எனினும், அனுப்பியவை எல்லாம் ஏற்கப்படுவதில்லை. கருவியைப் பேணுவோர் அதனை ஆராய்வர். ஒன்றைத் திருத்தப் பிறிதொன்று கெடுமோ என வினவுவர். மீண்டும் எழுதி வருமாறு கூறுதலும் உண்டு. அதனை இகழ்ச்சி என்று எண்ணாது, குறையுணர்ந்து திருத்தி அனுப்புதலே தொண்டர்க்கு அழகு.

இவ்வாறு புறத்தேயிருந்து வந்த உழைப்பால் டபிள்யூகெட்டும் வளர்ந்தது. முன்னர் அது பக்கங்களை மட்டும் சேமித்தது. அவற்றைப் பெறுதற்குக் கணிப்பொறிகள் தம்முள் பரிமாறிய செய்திகள் முழுமையாக நிற்கவில்லை. ஒரு பக்கம் எங்கிருந்து, எந்நாளில், எவ்வடிவில் பெறப்பட்டது என்பதை அறியாவிடின், அதன் சான்று குன்றும். வேண்டுகோளையும் மறுமொழியையும் நாளுடன் சேர்த்து வைக்கும் வார்க் என்னும் அமைப்பு, 2012 இல் வெளிவந்த 1.14 ஆம் பதிப்பில் இடம்பெற்றது. தொண்டர் உழைப்பில் விளைந்த பயன் இது.

திருத்தியவர் பெயர் மாற்றக் குறிப்பில் ஒரு வரியாக நிற்கும். அதனைப் படிப்பவர் சிலரே. ஆயினும், முகமறியாத ஒருவர் தம் தந்தையின் எழுத்தைக் குறைவின்றிப் பெறும்போது, அவ்விரண்டு வரிகளும் பயன் தந்து நிற்கின்றன. தமக்கு நேர்ந்த இடரைப் பிறர்க்கு நேராவண்ணம் நீக்குதலே அறிவின் பயனாகும்.