இடுப்பில் ஒரு லிட்டர்

மலையேறுவதற்கு இடுப்புப் பை வாங்க வருகிறவர்கள் கடையில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். ஜிப்பை இழுத்துப் பார்ப்பார்கள். உள்ளே எத்தனை அறை என்று எண்ணுவார்கள். நிறத்தைப் பற்றிக் கூட வந்தவரிடம் அபிப்பிராயம் கேட்பார்கள். இடுப்பைச் சுற்றப்போகிற பட்டையை மட்டும் யாரும் தொடுவதில்லை. பையோடு இனாமாக வந்த வால் மாதிரி அது தொங்கிக்கொண்டிருக்கும். அரை நாள் நடந்த பிறகு இடுப்புக்குத் தெரிவது அந்தப் பட்டை ஒன்றுதான். மற்றதெல்லாம் வெறும் துணி.

இடுப்பில் எதற்காகக் கட்ட வேண்டும் என்பதை கோவைப் பக்கத்து வெள்ளியங்கிரி மலை ஏறியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கியதுமே ஒரு கை போய்விடும். பகல் வெயிலுக்குப் பயந்து பெரும்பாலோர் இரவில்தான் ஏறுகிறார்கள். அதனால் டார்ச்சுக்கு இன்னொரு கை போய்விடும். ஏழு மலை, உச்சி ஏறத்தாழ ஆறாயிரம் அடி. முதல் மலைப் படிகளிலேயே முதுகுப் பை மாட்டியவர்களின் சட்டை பின்பக்கம் ஒட்டிப் பிழிந்தெடுக்கலாம் போல ஆகிவிடும். அது அங்கே பெரிய விஷயமில்லை. ஆனால் மேலே போகப் போகக் காற்று மாறும். ஏழாவது மலையில் விடியற்காலைக் காற்று அந்த ஈர முதுகில் அடிக்கும்போது பல் தந்தியடிக்கும். இடுப்பில் கட்டியவனுக்கு வியர்ப்பது நான்கு விரல் அகலத்துக்குத்தான். முதுகு ஏறும்போதே உலர்ந்துகொண்டு வரும்.

திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில் காரணம் வேறு. மேல்பகுதியில் பாறையில் அடித்த கடப்பாறைகளையும் சங்கிலியையும் பிடித்துத்தான் ஏற வேண்டும். இரண்டு கையும் அதற்கே வேண்டும். தோளில் ஜோல்னாப் பை போட்டவர் குனிந்தால் பை முன்னால் வந்து பாறைக்கும் வயிற்றுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். கையில் பாலித்தீன் கவரோடு வருகிறவரைக் குரங்குகள் பார்த்துக்கொள்ளும். கவரின் சரசரப்பு அவற்றுக்கு அழைப்பு மணி. ஜிப் போட்டு இடுப்போடு ஒட்டியிருக்கிற பையை அவை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. நான் பார்த்த வரையில் சொல்கிறேன், குரங்குகளுக்காக உத்தரவாதம் தர முடியாது.

இதெல்லாம் ஏதோ வெளிநாட்டுப் பழக்கம் என்று நினைக்க வேண்டியதில்லை. மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் அந்தப் பச்சை பெல்ட்டைப் பார்த்திருப்பார்கள். வேட்டியின் மேல், அகலமாக, பிரஸ் பட்டன் வைத்த இரண்டு மூன்று பைகளோடு இருக்கும். தரகரின் மொத்த வியாபாரமும் அதற்குள். வேட்டியும் அவிழாது, பணமும் போகாது, கையும் சும்மா இருக்கும். ஹஜ் யாத்திரை போகிறவர்களும் அதே வகை பெல்ட்டைத்தான் கட்டிக்கொள்கிறார்கள். ஆண்கள் தைத்த உடை அணியக்கூடாத இஹ்ராம் நிலையிலும் பணம் வைக்கும் இடுப்பு வாருக்கு அனுமதி உண்டு. பச்சை பெல்ட்டில் கவனிக்க வேண்டியது அதன் அகலம். நாள் முழுக்க நின்றாலும் அது வெட்டாது. இன்று கடையில் கிடைக்கும் மலிவுப் பைகளில் பாதிக்கு மேல் ஓர் அங்குல நாடாவைத்தான் வைத்துத் தைத்திருக்கிறார்கள். தரகருக்குத் தெரிந்தது பை தயாரிக்கிறவருக்குத் தெரியவில்லையா, அல்லது தெரிந்தும் நாடாவில் மிச்சம் பிடிக்கிறாரா என்பது என் நீண்டநாள் சந்தேகம்.

இன்னும் பின்னால் போகலாம். 1991இல் ஆல்ப்ஸ் மலையில் ஆஸ்திரியா–இத்தாலி எல்லையருகே பனிக்குள்ளிருந்து ஒரு மனிதரின் உடல் கிடைத்தது. ஓட்ஸி என்று பெயர் வைத்தார்கள். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவருடைய இடுப்பு வாரில் ஒரு சிறு தோல் பை தைத்திருந்தது. உள்ளே சுரண்டவும் துளையிடவும் சில கற்கருவிகள், ஓர் எலும்பு ஊசி, நெருப்பு மூட்டக் காய்ந்த காளான். வில், கோடரி எல்லாம் வேறாக வைத்திருந்தார். கை போட்டால் உடனே வர வேண்டிய சாமான் மட்டும் இடுப்பில். இன்று பை வாங்குகிறவருக்கும் நான் சொல்லக்கூடியது அதுதான்: முதலில் வீட்டில் சாமானை மேஜைமேல் பரப்புங்கள், பிறகு கடைக்குப் போங்கள்.

என் மேஜையில் இருப்பவை: அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, கடலைமிட்டாய், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பிளாஸ்திரி, நெற்றியில் கட்டும் டார்ச், ஆதார் நகல், சில்லறை நோட்டு, போன். சில்லறை நோட்டை யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். வெள்ளியங்கிரியின் நாலாவது மலையில் சுக்குக் காப்பிக்காரரிடம் போனை நீட்டிச் சிக்னலுக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். குரங்குக் குல்லாவும் மெல்லிய காற்றுச் சட்டையும் பைக்குள் போக வேண்டாம், சுருட்டி வெளியே பட்டையில் கட்டலாம். அடிவாரத்தில் வனத்துறையினர் நெகிழி இருக்கிறதா என்று பையைச் சோதிப்பார்கள். சின்னப் பைக்காரன் அங்கே சீக்கிரம் விடுபடுவான்.

இவ்வளவுக்கும் நான்கைந்து லிட்டர் கொள்ளளவு தாராளம். எடை ஒன்றரை, இரண்டு கிலோ. தண்ணீரே ஒரு கிலோ ஆகிவிடுகிறது, மற்றவை சேர்ந்து இன்னொன்று. மூன்று கிலோவைத் தாண்டினால் எந்த இடுப்புப் பையும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், கீழே இழுக்கும். முதுகுப் பையில் தோள் பட்டையும் சுமையை வாங்கிக்கொள்ளும். இங்கே அந்த உதவி கிடையாது. சுமை முழுவதும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். தொப்பையின் மேல் கட்டினால் நடக்க நடக்கச் சரிந்து தொடைக்கு வந்துவிடும். தொப்பைக்குக் கீழே, எலும்பு தட்டுப்படுகிற இடத்தில் கட்டினால் நிற்கும். நம் ஆட்களுக்கு இதில் ஒரு சங்கடம்: சில மலிவுப் பைகளின் நாடா நீளமே முப்பத்தெட்டு, நாற்பது அங்குலத்தோடு முடிந்துவிடுகிறது. சட்டைமேல், காற்றுச் சட்டைமேல் கட்டிப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

பை முதுகிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்கு அது கூடுதல் எடையாகத் தோன்றும். அதனால் தடித்து உப்பியிருக்கும் பையைவிடத் தட்டையாக, அகலமாக இருப்பது மேல். இரண்டு பக்கமும் பையை உடம்போடு இழுத்துக் கட்டச் சின்ன வார்கள் இருந்தால் இன்னும் நல்லது. பாட்டில் அறை வெளியே சாய்வாக இருக்க வேண்டும். நேராக நிற்கும் அறையிலிருந்து பாட்டிலை எடுத்துவிடலாம், பின்னால் பார்க்காமல் திரும்ப வைக்க முடியாது. பக்கத்தில் வருகிறவரிடம், “அண்ணா, கொஞ்சம் சொருகி விடுங்க” என்று கேட்டுக்கொண்டே ஏழு மலை ஏற முடியுமா?

விலைக்கு வருகிறேன். கோவை டவுன்ஹால் பக்கமும் சென்னை பாரிமுனையிலும் இருநூறு முந்நூறு ரூபாய்க்குப் பை கிடைக்கிறது. போன், பணம், சாவிக்கு அவை போதும். தண்ணீர் பாட்டிலோடு நடக்கத் தகுந்தது வேண்டுமென்றால் டெகாத்லான், வைல்ட்கிராஃப்ட் போன்ற கடைகளில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு ஆகும். வேடிக்கை என்னவென்றால், பத்து லிட்டர் முதுகுப் பை அதே கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்கும். சின்னதற்கு ஏன் அதிகம் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். பஞ்சு வைத்த அகலப் பட்டைக்கும் அதன் தையலுக்கும்தான் அந்தக் கூடுதல் காசு. பட்டை ஒல்லியாக இருந்தும் விலை அதிகமென்றால் நீங்கள் கொடுப்பது பெயருக்கு.

துணியைப் பற்றிக் கடைக்காரர்கள் டெனியர் கணக்குச் சொல்வார்கள். ஒன்பதாயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுதான் அந்த எண். 600 டெனியர் பாலியஸ்டர் முரடானது, பாறையில் உரசினாலும் தாங்கும், மலிவும்கூட. மலைக்கு அது போதும். அதற்குமேல் யாராவது உயர்த்திப் பேசினால் கேட்டுக்கொள்ளலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை. ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருப்பதை நான் படிப்பதே இல்லை. துணி தாங்கினாலும் ஜிப்பு வழியாகவும் தையல் ஓட்டை வழியாகவும் தண்ணீர் இறங்கும். போனை ஒரு ஜிப் கவரில் போட்டு வைத்தால் விஷயம் முடிந்தது, மழையைவிட நம் வியர்வைக்கே அது அவசியம். உள்பக்கப் பூச்சுக்கும் ஆயுள் குறைவு. நம் ஊர்ப் புழுக்கத்தில் சில மழைக்காலம் அலமாரியில் கிடந்தால் பிசுபிசுத்து உதிர ஆரம்பிக்கும். நடந்து வந்ததும் பையை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டால் உப்பு ஏறாது, ஜிப் ரன்னரும் சிக்காது.

கடையிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். பைக்குள் போட்டு, இடுப்பில் இறுக்கி, கடைக்குள்ளேயே நாலைந்து முறை குதியுங்கள். குனிந்து ஷூ லேஸைத் தொடுங்கள். பிறகு நாடாவைப் பாருங்கள். பக்கிளில் அது வழுக்கித் தளர்ந்திருந்தால் பையைத் திருப்பி மாட்டிவிட்டு வந்துவிடலாம். படியில் இறங்கும்போது ஒவ்வோர் அடிக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், ஏறுவதைவிட இறங்குவதில்தான் பை ஆடும். கடைக்காரர் சிரிப்பார். “என்னங்க சார், பைக்கு உடற்பயிற்சியா?” என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

எல்லா நடைக்கும் இடுப்புப் பை சரிப்படாது. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் நாற்பது மலைப்பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. அந்தப் பாதைகளில் உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருகிறார்கள். வெள்ளியங்கிரியில் சுனைகள் இருக்கின்றன, சீசனில் கடைகளும் இருக்கின்றன. ஆனால் ஆளில்லாத காட்டுப் பாதையில் இரண்டாவது லிட்டரைச் சுமக்காமல் போவது முட்டாள்தனம். குழந்தையோடு போகிறீர்கள், மழை வரும்போல இருக்கிறது, சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் முதுகுப் பைதான். அப்போது இடுப்புப் பையில் மூன்று கிலோவுக்குமேல் திணித்துக்கொண்டு அதைக் குறை சொல்வதில் பயனில்லை.

ஏற்கெனவே ஒல்லி நாடா வைத்த பை வீட்டில் இருக்கிறதென்றால் புதிது வாங்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பை தைத்து ஜிப் மாற்றுகிறவர் யாராவது இருப்பார். ஒன்றரை அங்குல நாடா, அதற்கேற்ற பக்கிள், இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்குப் பஞ்சு வைத்த பட்டை என்று சொன்னால் புரிந்துகொள்வார். நான் அப்படி மாற்றிய பைதான் இப்போது என் இடுப்பில் இருக்கிறது. பையின் விலையைவிடக் கூலி அதிகம் ஆகவில்லை. நாடாவை அவர் கத்திரித்த இடத்தில் நுனியைத் தீக்குச்சியில் காட்டி உருக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நூல் பிரியும். எழுந்து வருவதற்குமுன் உபரியாக ஒரு பக்கிளும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காரில் கதவை அடைக்கும்போது முதலில் உடைவது அதுதான், விலையோ ஒரு காப்பிக் காசுதான்.