நான்கு போல்ட்டுகள்

விமானம் என்ற சொல்லைத் திருப்பதியில் சொன்னால், கேட்பவர் முதலில் மலையைத்தான் நிமிர்ந்து பார்ப்பார். திருமலையில் கருவறையின்மேல் பொன் வேய்ந்து நிற்கும் ஆனந்த நிலைய விமானமே இவ்வூரின் முதல் விமானம். இரண்டாவது, ரேணிகுண்டாவில் வந்து இறங்குவது. மூன்றாவதாக ஒன்று உண்டு. அது மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் இன்னும் பறக்காமல் நிற்கிறது. இருவர் அமரக்கூடிய அந்தச் சிறு விமானத்தை என் தாய்மாமன் தம் கையாலேயே கட்டி வருகிறார். அதில் பூட்ட வேண்டியிருந்த நான்கு போல்ட்டுகளைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

“வீட்டில் விமானமா? உன் மாமாவுக்கு மரை கழன்றுவிட்டதா?” என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. மரை கழலக்கூடாது என்பதற்காகத்தான் அவர் இத்தனை பாடுபடுகிறார் என்று நான் விடை சொல்வேன். மேலும், இது நம் நாட்டுக்குப் புதிதும் அன்று. 1910ஆம் ஆண்டிலேயே சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் தாமே ஒரு விமானத்தைத் திட்டமிட்டு, குதிரை வண்டி கட்டிய சிம்சன் கம்பெனியாரைக் கொண்டு செய்வித்து, தீவுத்திடலில் மக்களுக்குக் காட்டினார். நம் காலத்தில் அமோல் யாதவ் என்னும் விமானி மும்பையில் தம் வீட்டு மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டி, 2016இல் மக்கள் பார்வைக்கு வைத்தார். அவர்களோடு ஒப்பிட்டால் எங்கள் கொட்டகை எளியது.

மாமா விமானப்படையில் பழுது பார்க்கும் பிரிவில் இருபது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவருக்குக் கையாள். முதல் நாள் அவர் எனக்கு இறக்கையையோ எஞ்சினையோ காட்டவில்லை. ஒரு போல்ட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “இதைப் படிடா மாப்பிள்ளை” என்றார்.

போல்ட்டைப் படிப்பதா? ஆம். அதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து வகுத்த அளவுமுறை அது, ‘ஏ.என்.’ என்பது அதன் பெயர். ஏ.என். 3 - 12 என்றால், முதல் எண் தடிமன்: அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு. அடுத்த எண் நீளம்: ஏறக்குறைய ஓர் அங்குலமும் எட்டில் இரண்டு பங்கும். எட்டின் பங்குகளாகவே எண்ணுவதால், அந்த வரிசையில் 7க்கு அடுத்தது 10. 8உம் இல்லை, 9உம் இல்லை. இறுதியில் ‘ஏ’ என்ற எழுத்து இருந்தால், தண்டின் முனையில் துளை இல்லை என்பது பொருள். எழுத்து இல்லையென்றால் துளை உண்டு. கோட்டை மதில்போல் பல் வெட்டிய நட்டை முடுக்கி, அந்தத் துளை வழியே காட்டர் பின்னைச் செருகி மடக்குவதற்கான துளை அது. ஓரெழுத்து மாறினால் பொருள் மாறுவது தமிழில் மட்டும் அன்று!

எங்களிடம் இல்லாமற்போனவை அந்தத் துளையுள்ள போல்ட்டுகள் நான்கு. விமானத்தின் மூக்கை ஏற்றவும் இறக்கவும் செய்வது வாலில் உள்ள ஒரு சிறகு. விமானியின் கைப்பிடியிலிருந்து அச்சிறகு வரையில் செல்லும் கோல்களை இணைக்கும் மூட்டுகளில் அவை பூட்டப்பட வேண்டும். அசையும் மூட்டுகளில் நைலான் வளையம் பதித்த நட்டு மட்டும் போதாது; சுழற்சியில் அது மெல்லக் கழன்றுவிடக்கூடும். துளையும் பின்னும் இருந்தே ஆகவேண்டும். அமெரிக்காவுக்கு எழுதினோம். வாரங்கள் ஓடின, பொட்டலம் வரவில்லை.

சென்னைக்குப் போன ஒரு சனிக்கிழமை, புதுப்பேட்டையிலும் பாரிமுனையைச் சுற்றிய கடைத்தெருக்களிலும் தேடினேன். ஒரு கடைக்காரர் அன்போடு உட்காரவைத்து, தலையில் 10.9 என்று பொறித்த போல்ட்டுகளை எடுத்துப் போட்டார். “தம்பி, பாடியில் சுந்தரம் பாசனர்ஸ் 1966இல் தொடங்கினார்கள். நம் ஊர் போல்ட்டு இன்று உலகம் முழுவதும் காரில் ஓடுகிறது. விமானத்துக்கு மட்டும் ஆகாதா? துளைதானே வேண்டும்? பத்து நிமிடத்தில் போட்டுத் தருகிறேன்” என்றார். அவர் பேச்சில் நியாயம் இருந்தது. 10.9 என்ற போல்ட்டு சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 1,45,000 பவுண்டு இழுவிசையைத் தாங்கும். எங்கள் ஏ.என். போல்ட்டுக்கு விதித்த வலிமை 1,25,000 பவுண்டுதான். வலிமை மிகுந்தது கையிலேயே இருக்க, வலிமை குறைந்ததற்காக ஏன் காத்திருக்க வேண்டும்? மாமாவைத் தொலைபேசியில் கேட்டேன்.

“துளை 4.76 மில்லிமீட்டர், அவர் தருவது 5 மில்லிமீட்டர். நுழையவேண்டுமானால் மூட்டைக் குடைய வேண்டும். தண்டு முழுவதும் மரை இருந்தால், அது அரம்போல் துளையைத் தின்னும். துளைபோடத் திட்டமிடாத போல்ட்டில் துளை போட்டால், மிச்ச வலிமை எவ்வளவு என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நல்ல போல்ட்டுதான்; காருக்கு நல்லது. நமக்கு வலிமை மட்டும் இருந்தால் போதாதடா; அது எவ்வளவு என்று தெரிந்தும் இருக்கவேண்டும். வெறுங்கையோடு வா.”

வெறுங்கையோடு வந்தேன். அன்றிரவு மாமா எனக்கு 1990ஆம் ஆண்டின் கதை ஒன்றைச் சொன்னார். அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள், பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்டது ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். 17,300 அடி உயரத்தில் விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போயிற்று. காற்று அவரை இடுப்பளவுக்கு வெளியே இழுத்தது. பணியாளர்கள் அவர் கால்களைப் பற்றிக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். விமானி உயிர் பிழைத்தார். காரணம் என்ன? முந்தைய நாள்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். பூட்டிய 90 போல்ட்டுகளில் 84, அங்குலத்தில் 0.026 பங்கு மெலிந்தவை. பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்தே ஒத்தது தேடி எடுத்தார்கள். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தோன்றின.

மில்லிமீட்டரில் சொன்னால் அந்த வேறுபாடு முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு! அதைக் கேட்டபின் எனக்குப் பொறுமை தானே வந்தது.

ஏழாவது வாரம் பொட்டலம் வந்தது. நான்கு போல்ட்டுகள், அவற்றோடு, எந்தத் தொகுதியில் செய்தவை, எந்த அளவுக்கு உட்பட்டவை என்று உறுதி கூறும் தாள் ஒன்று. போல்ட்டைவிடத் தாளைத்தான் மாமா நெடுநேரம் பார்த்தார்.

பூட்டுவதிலும் முறை உண்டு. மரையில்லாத தண்டுப் பகுதியே இரு தகடுகளின் கனத்தையும் தாங்க வேண்டும். சிறிது மிஞ்சினால் மெல்லிய வாஷர் இட்டுச் சரிசெய்யலாம். இயன்ற இடங்களில் போல்ட்டின் தலை மேற்புறமாகவோ முன்புறமாகவோ இருக்க வேண்டும். ஏன் தெரியுமா? ஒருவேளை நட்டு கழன்று விழுந்தாலும், தன் எடையாலும் எதிர்காற்றாலும் போல்ட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். தவறு நேராது என்று நம்பாமல், நேர்ந்தாலும் ஆள் பிழைக்க வேண்டும் என்று எண்ணியவர்கள் வகுத்த விதி அது. முடுக்கும் விசைக்கும் அளவு உண்டு. இந்தத் தடிமனுக்கு, இழுவிசை தாங்கும் நட்டாயின், 20 முதல் 25 அங்குல-பவுண்டு. அரையடி நீள ஸ்பேனரின் முனையில் இரண்டு கிலோவுக்கும் குறைவான எடையைத் தொங்கவிட்டால் போதும். “பலம் காட்டாதே” என்று மாமா என் கையைத் தட்டியதன் பொருள் அப்போது விளங்கிற்று.

நான்காவது பின்னை மடக்கியதும், மாமா பதிவேட்டை என்னிடம் நீட்டினார். எந்தப் போல்ட்டு, எந்தத் தொகுதி, எந்த நாள், பூட்டியவர் யார், சரிபார்த்தவர் யார் என்று அதில் கட்டங்கள் உண்டு. பூட்டியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதச் சொன்னார். பேனாவை வாங்கியபோது என் கை சற்று நடுங்கியது உண்மை. அரசு இசைவு தந்து அவ்விமானம் எழும்பும் நாளில், முதலில் அதில் தனியாக அமரப்போகிறவர் மாமா. இதை மாமி அறிவார். கொட்டகை வாயிலில் காப்பித் தம்ளருடன் நின்றவர், “எல்லாம் சரியாக இருக்கிறதா, தம்பி?” என்று என்னைத்தான் கேட்டார், மாமாவைக் கேட்கவில்லை. “சரியாக இருக்கிறது, மாமி” என்று சொல்வதற்கு முன், நான்கு பின்களையும் இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

தேரின் அச்சாணியை நினைத்துப் பார்த்தவர் நம் வள்ளுவர். அந்தக் குறளை (667) அவர் சிறுமை, பெருமை பேசும் அதிகாரம் எதிலும் வைக்கவில்லை, வினைத்திட்பத்தில் வைத்தார். அதன் காரணத்தை எந்த உரையிலும் நான் தேட வேண்டியதில்லை. தோழர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓய்விருந்தால் கொட்டகைக்கு வாருங்கள். வலச்சிறகில் ரிவெட்டு அடிக்கும் வேலை தொடங்கியிருக்கிறது. தகட்டின் மறுபுறம் இரும்புக்கட்டையைப் பிடித்துக்கொள்ள இன்னும் ஒரு கை தேவைப்படுகிறது.