வெம்பிளியிலிருந்து போப் ஐயரின் கல்லறை வரை

வயதுபோன அப்பா அம்மாவை ஊரிலிருந்து கூப்பிட்டு வைத்திருக்கிற வீடுகளில் சனிக்கிழமை வந்தால் ஒரே கேள்விதான்: இன்றைக்கு இவர்களை எங்கே கூட்டிக்கொண்டு போறது? வெம்பிளியில் இருக்கிற எங்களுக்கு ஈலிங் ரோடு பக்கத்தில். அல்பேட்டனில் ஈழபதீஸ்வரர் கோயில். பஸ் எடுத்தால் நீஸ்டன் மந்திர். இரண்டு மாதத்தில் எல்லாம் பார்த்து முடிந்துவிடும். பிறகு டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் அரண்மனை. அரண்மனைக் கம்பிக்கு வெளியே நின்று என் அம்மா கேட்டா: "வடிவாத்தான் கிடக்கு. ஆனா எங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் தம்பி?"

அம்மாவின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லக்கூடிய ஒருநாள் பயணம் ஒன்று இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜி.யு. போப்பின் கல்லறை. இந்த வருட வசந்தத்தில் அப்பா, அம்மா, 11 வயது மகள், நான் என்று நாலு பேரும் போய்வந்தோம்.

முதலில் பயண விவரம். வெம்பிளி சென்ட்ரலில் பேக்கர்லூ லைன் எடுத்து மேரிலபோனில் இறங்கினால், அங்கிருந்து நேரடி ரயில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. அந்த ரயில் திரும்பவும் வெம்பிளி ஸ்டேடியத்தைத் தாண்டித்தான் போகும். வளைவைக் கண்டதும் அம்மா, "இதென்ன, வீட்டு வாசலிலையே ஏறியிருக்கலாமே!" என்றா. ரயிலுக்கு ஃப்ரீடம் பாஸ் லண்டனுக்குள் மட்டும்தான். 60 தாண்டியவர்களுக்கு சீனியர் ரயில்கார்டு எடுத்துவைத்தால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ரோல்ஸ், கட்லட், ஃபிளாஸ்கில் பிளேன்டீ எல்லாம் அம்மாவின் பையில் இருந்தன.

அப்பா சாவகச்சேரிப் பக்கம் முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவர். ரயிலில் மகளுக்குக் கதை தொடங்கினார். போப் 1820இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தவர். 1839இல் கிறிஸ்தவ மிஷனரியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் சாயர்புரம், பிறகு தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூர் என்று நாற்பது வருடத்துக்கு மேல் அங்கே வேலை. வயதுபோன காலத்தில் மனைவி ஹென்றியேட்டாவோடு இங்கிலாந்து திரும்பி, ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் படிப்பித்தார். திருக்குறளை 1886இலும், நாலடியாரை 1893இலும், திருவாசகத்தை 1900இலும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

அவர் வந்தது மதம் பரப்பத்தான். பிரம்பெடுக்கிற கண்டிப்பான வாத்தியார் என்றும் பெயர். அதையும் பிள்ளைகளுக்கு மறைக்கத் தேவையில்லை. அம்மா அதைக் கேட்டதும், "மதம் மாத்த வந்தவர் ஏன் திருவாசகத்தை மொழிபெயர்த்தவர்?" என்றா. அப்பா சொன்னார்: "எங்கடை நாவலர் யாழ்ப்பாணத்திலை பெர்சிவல் பாதிரியாரோடை இருந்து பைபிளைத் தமிழாக்கினவர்தானே. அங்கையிருந்து ஒண்டு வந்தது, இங்கையிருந்து ஒண்டு போனது."

கதையின் கடைசியை அப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தன்ரை கல்லறையிலை 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' எண்டு எழுதச் சொன்னவர். போய் நீயே வாசி." தமிழ் மேடைகளில் நாங்கள் எல்லாரும் கேட்டு வளர்ந்த வசனம் அது.

மகள் எதுவும் சொல்லவில்லை. செப்டம்பரில் பெரிய பள்ளிக்கூடம் தொடங்குது, இனிச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வரமாட்டேன் என்று அவள் சொல்லி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அப்பா அதுபற்றி அவளோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இந்தப் பயணம்தான் அவருடைய பதில் என்று எனக்கு விளங்கியது.

செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டம் வால்டன் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து பெரியவர்களின் நடைக்கு இருபது நிமிடம். வாசல் தெருவிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் தாண்டிப் போய்விடுவது சுலபம். 1848இல் திறந்த இடம். பழைய கற்களும் மரங்களும் புல்லும்தான். நிலம் மேடுபள்ளம், கைத்தடி இருந்தால் நல்லது. பாத்ரூம் வேலையை ஸ்டேஷனிலேயே முடித்துவிடுங்கள். கல்லறைகளின் வரைபடத்தை முதலே ஃபோனில் இறக்கிவைத்தால் தேடி அலையவேண்டாம்.

கல் ஆங்கிலத்தில் இருந்தது. மகள் குனிந்து வாசித்தாள். பெயர், தென்னிந்தியாவைச் சேர்ந்தவர், பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளர், பேலியல் கல்லூரியின் சாப்ளின், பிறந்த தேதி, இறந்த தேதி. பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பப்பா, ஸ்டூடன்ட் எண்டு இங்கை இல்லை."

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தானே வாசித்தார். முப்பது வருடம் எத்தனை வகுப்புக்குச் சொன்ன வசனம் அது! அம்மா அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. நான் வாயைத் திறக்கவில்லை.

"மிச்சத்தையும் வாசி பிள்ளை," என்றார் அப்பா.

மிச்சத்தில் இருந்தது இது: இந்தக் கல்லை வைத்தவர்கள் அவருடைய குடும்பத்தாரும், தென்னிந்தியாவிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களும். கீழைத்தேய இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாள் முழுக்க உழைத்ததை அன்போடு போற்றி வைத்தது.

"தமிழ் நண்பர்கள் எண்டா ஆர்?" மகள் கேட்டாள். "பேர் ஒண்டும் இல்லையே."

அப்பா கொஞ்சநேரம் யோசித்தார். "எங்களைப்போல ஆக்கள்தான். வாத்திமார், பழைய மாணவர். 1908இலை அவர் செத்த பிறகு கடல் தாண்டிக் காசு சேர்த்து அனுப்பியிருப்பினம்." சட்டைப்பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்து, அவளை ஒவ்வொரு வரியாகத் திரும்ப வாசிக்கச் சொல்லித் தமிழில் எழுதிக்கொண்டார். ஒரு சொல்லுக்கு இரண்டு பேரும் தர்க்கப்பட்டார்கள். தாத்தாவும் பேத்தியும் தமிழ்ச் சொல் ஒன்றுக்காகச் சண்டை போட்டதை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

அதே தோட்டத்தில்தான் பேலியல் கல்லூரித் தலைவராக இருந்த பெஞ்சமின் ஜோவெட்டும் இருக்கிறார். திருவாசகத்தைத் தொடங்கப் போப் வயதை எண்ணித் தயங்கியபோது, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்ட காலம் வாழ வழி, அதை முடிக்கும்வரை இருப்பீர் என்று தைரியம் சொன்னவர் இவர். போப் அதை நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். முன்னுரைக்குப் போட்ட தேதி 1900 ஏப்ரல் 24, அவருடைய எண்பதாவது பிறந்தநாள். அம்மாவுக்கு 76. "அப்ப நானும் ஒரு வேலையைத் தொடங்கத்தான் வேணும்," என்றா.

பின்னேரம் பிராட் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தோம். பேலியலும் அங்கேதான், பழைய இந்தியன் இன்ஸ்டிட்யூட் கட்டடமும் அங்கேதான். அதன் உச்சியில் காற்றுத்திசை காட்டியில் யானை ஒன்று நிற்கும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அங்கே நின்று மகள் கேட்டாள், அவர் எத்தனை வயதில் தமிழ் தொடங்கினார் என்று. அதே முன்னுரையில் போப் முதல் பாடம் 1837இல் என்று சொல்கிறார். அப்போ 17 வயது. "அப்ப என்னைவிட லேட்," என்றாள். தமிழ்ப் பள்ளியில் அவளுக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: "உன்ரை தாய்மொழி, உனக்குத் தெரியாதா?" என்ற கேள்வி. போப்பிடம் அப்படி யாரும் கேட்டிருக்க முடியாது. அவர் பிழைவிட்டு, திருத்தி, எண்பது வயதுவரை படித்தார். அந்தச் சொல் கல்லில் இல்லாவிட்டாலும் அவர் மாணவர்தான்.

செப்டம்பரில் அவள் என்ன செய்வாள் என்று இன்னும் முடிவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் அவருடைய கொப்பியில் இப்போது இரண்டு பேருடைய கையெழுத்தும் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஒரே ரயிலில் ஏற்றுங்கள். பெரியவர்கள் கதை சொல்லட்டும், பிள்ளைகள் கல்லை வாசிக்கட்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் நாங்கள் நடுவில் புகுந்து சமாளிக்கத் தேவையில்லை. அவர்களே கதைத்துக்கொள்வார்கள். சென்னை மெரினாவில் 1968இல் வைத்த போப்பின் சிலையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கல்லறை எங்களுக்கு ஒரு மணித்தியாலத் தூரத்தில்தான்.