லேப்டாப்பும் 40 சதவீதமும்

ஒரு வாரமா மண்டைக்குள்ள பட்டிமன்றம். 80,000 ரூபாய் கேமிங் லேப்டாப்பா, 35,000 ரூபாய் சின்ன லேப்டாப்பா?

"எது வேணும்னாலும் சொல்லுலே"ன்னு அப்பா சொல்லிட்டாங்க. பிசான நெல்லு வித்த காசு.

ஆசை என்னவோ பெருசு மேலதான். தனி கிராபிக்ஸ் கார்டு, கீபோர்டுல கலர் கலரா லைட்டு! ஆனா நான் படிக்கிறது பி.காம். டேலிக்கும் எக்ஸெலுக்கும் 8 ஜிபி ராம் தாராளம். பெருசு சார்ஜரோட சேர்த்து மூணு கிலோ வரும். சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைக்கு தினமும் பஸ்ல நின்னுக்கிட்டே போறவன் தோளுக்கு அது ஆகுமா?

கடைசியில பாடப்புத்தகம்தான் தீர்ப்பு சொல்லிச்சு. வருமான வரிக் கணக்குல கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம். மூணு வருஷம் கழிச்சு 80,000 வெறும் 17,280 ஆயிடும். 35,000 ஆனது 7,560. அதாவது பெருசுல கரையுறது 62,720, சின்னதுல 27,440. விக்கப் போனா விலை முன்னப்பின்ன இருக்கலாம், ஆனா போக்கு இதுதான்.

சின்னதையே சொல்லிட்டேன். "அப்ப கார் சாகுபடிக்கு உரம் வாங்க கடன் வேண்டாம்"னாங்க அப்பா. அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்துலயும் இல்ல.

கேமா? ஞாயித்துக்கிழமை கூட்டாளி வீட்டுல!