கரும்பலகையில் அடித்தலும் திருத்தலும்

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் கணினிப் பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கு மூன்றாம் செமஸ்டரில் டிஸ்கிரீட் மேத்ஸ் வந்துவிடுகிறது. தர்க்கமும் நிரூபணமும், சேர்ப்பியல், கிராஃப், இயற்கணித அமைப்புகள், லாட்டிஸும் பூலியன் இயற்கணிதமும் என்று ஐந்து யூனிட். இந்தத் தாளை எழுதி முடித்தவர்கள் அதைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். தேற்றங்களை உருப்போட்டால் போதும், மார்க் தானாக வரும் என்பார்கள். அல்லது, ஒன்றுமே பிடிபடவில்லை, இதை எதற்காக வைத்தார்கள் என்றே தெரியவில்லை என்பார்கள். எதிரெதிரான கருத்துகள் போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே அனுபவம்தான் என்று நினைக்கிறேன். இருவருமே நிரூபணத்தை முடிந்த பொருளாகத்தான் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கு அதை அப்படியே நினைவில் வைத்துக்கொள்ள முடிந்தது, மற்றவருக்கு முடியவில்லை. அந்த நிரூபணத்தை ஒரு மனிதர் எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறார், நடுவில் எங்கே தடுமாறுகிறார், ஏன் ஒரு வழியைக் கைவிட்டு இன்னொரு வழிக்குப் போகிறார் என்பதை வகுப்பில் யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை. இந்தப் பாடத்தில் மாணவருடைய அனுபவம் நல்லதாக அமைவதும் கெடுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

மற்ற கணிதத் தாள்களில் இந்தக் குறை இவ்வளவு வெளியே தெரிவதில்லை. முதலாண்டில் வரும் நுண்கணிதத்திலும் அணிகளிலும் கேள்வியைப் பார்த்ததும் எந்த முறையைப் போடுவது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதி கை வேகம். டிஸ்கிரீட் மேத்ஸில் கருவிகள் எளிமையானவை: முழு எண்கள், கணங்கள், புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். தொகையிட எதுவுமில்லை, வகையிட எதுவுமில்லை. ஆனால் கேள்வி 'நிறுவுக' என்று முடிகிறது. எந்த முறை என்பதையே மாணவர் தேட வேண்டியிருக்கிறது. பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்திலேயே தனிநிலைக் கணிதம் என்ற பெயரில் மெய் அட்டவணை வந்துவிடுவதால், இது தெரிந்த பாடம் என்ற நம்பிக்கை வேறு. மெய் அட்டவணை கட்டம் கட்டமாக நிரப்பினால் தானாக முடிந்துவிடும். நிரூபணம் அப்படி முடியாது. இந்தப் பாடம் கணினிப் படிப்புக்குள் வந்ததற்கும் காரணம் நிரூபணமே. அமெரிக்காவின் ஏ.சி.எம். என்ற கணினியியலாளர் அமைப்பு 1968இல் வெளியிட்ட பாடத்திட்டப் பரிந்துரையிலேயே தனிநிலை அமைப்புகள் அடிப்படைப் பாடங்களில் ஒன்றாக இடம்பெற்றது. ஒரு புரோகிராம் எல்லா உள்ளீட்டுக்கும் சரியாக ஓடும் என்று சொல்வதற்குச் சோதித்துப் பார்த்தால் மட்டும் போதாது, வாதிட்டு நிறுவவும் தெரிய வேண்டும். ஒரு லூப் ஒவ்வொரு சுற்றிலும் எதை மாறாமல் காப்பாற்றுகிறது என்று யோசிப்பவர், அந்தப் பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், தொகுத்தறிதல் முறையைத்தான் பயன்படுத்துகிறார்.

அந்தத் தொகுத்தறிதலையே எடுத்துக்கொள்வோம். முதல் சில ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை ஒரு வர்க்க எண் என்பது போன்ற கணக்குகளைப் பிளஸ் ஒன்னிலேயே போட்டுப் பழகிவிடுகிறார்கள். 1க்குச் சரி பார், கேக்குச் சரி என்று வைத்துக்கொள், கே கூட்டல் 1க்கு நிறுவு. மூன்று ஸ்டெப், மூன்றுக்கும் மார்க். இப்போது இந்தக் கூற்றைப் பாருங்கள்: ஒரு கிராஃபில் ஒவ்வொரு புள்ளிக்கும் குறைந்தது ஒரு கோடாவது இருந்தால், அந்த கிராஃப் முழுவதும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். நிரூபணம் இதோ. இரண்டு புள்ளி என்றால் நடுவில் ஒரு கோடு இருந்தே ஆக வேண்டும், ஆகவே சரி. கே புள்ளிகளுக்குச் சரி என்று வைத்துக்கொள்வோம். அதோடு புதிதாக ஒரு புள்ளியைச் சேர்ப்போம். அதற்கும் ஒரு கோடாவது இருக்க வேண்டும், அந்தக் கோடு பழைய புள்ளிகளில் ஏதோ ஒன்றுக்குத்தான் போக முடியும், பழையவை எல்லாம் ஏற்கெனவே இணைந்திருக்கின்றன. எனவே புதியதும் இணைந்துவிட்டது. நிறுவப்பட்டது. பதினாறு மார்க் விடைக்கு உரிய எல்லா இலட்சணமும் இதில் இருக்கிறது. ஆனால் கூற்று தப்பு. நான்கு புள்ளிகள் போட்டு, முதல் இரண்டை ஒரு கோட்டாலும் அடுத்த இரண்டை இன்னொரு கோட்டாலும் இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் கோடு இருக்கிறது, கிராஃப் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

எங்கே ஓட்டை? முதல் ஸ்டெப்பில் இல்லை. இரண்டு புள்ளிக்கு உண்மை, மூன்றுக்கும் உண்மை, நான்கில் உடைகிறது. சிக்கல் 'சேர்ப்போம்' என்ற இடத்தில் இருக்கிறது. கூற்றுக்குப் பொருந்தும் மூன்று புள்ளி கிராஃபோடு ஒரு புள்ளியைச் சேர்த்து எல்லா நான்கு புள்ளி கிராஃபையும் உண்டாக்கிவிட முடியாது. அந்த இரண்டு கோட்டு கிராஃபிலிருந்து எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதன் ஜோடி கோடே இல்லாமல் தனியாக நிற்கும். மிஞ்சுவது நாம் எடுத்துக்கொண்ட நிபந்தனைக்கே பொருந்தாது. ஆகவே கே கூட்டல் 1 புள்ளிகள் உள்ள ஏதோ ஒரு கிராஃபை முதலில் கையில் எடுத்து, அதிலிருந்து ஒன்றை நீக்கி, மிஞ்சியதற்கு நிபந்தனை பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் மேலே போக வேண்டும். ஒரு மரத்தில் புள்ளிகளைவிடக் கோடுகள் சரியாக ஒன்று குறைவு என்னும் தேற்றத்தின் நிரூபணத்தில் 'ஒரு கடைமுனையை நீக்குக' என்று ஒரு வரி வருமே, அது அங்கே இருப்பது இதற்காகத்தான். அந்த வரியை மனப்பாடம் செய்த மாணவருக்கு ஏன் நீக்க வேண்டும், ஏன் சேர்க்கக் கூடாது என்று தெரியாது. பொய்யான நிரூபணத்தை ஒருமுறை நம்பி ஏமாந்து, பிறகு ஓட்டையைத் தானே தேடிப் பிடித்தவர் அந்த வரியை மறக்க மாட்டார்.

கணிதம் வளர்ந்த விதமும் இப்படித்தான். ஹங்கேரியில் பிறந்த தத்துவ அறிஞர் இம்ரே லகாடோஷ் 1963-64இல் கட்டுரைகளாக எழுதி, அவர் மறைந்தபின் 1976இல் நூலாக வந்த 'நிரூபணங்களும் மறுப்புகளும்' பெரும்பாலும் ஒரு வகுப்பறை உரையாடலாகவே அமைந்திருக்கிறது. பன்முகத் திண்மங்களின் முனைகள், விளிம்புகள், முகங்களைப் பற்றிய ஆய்லரின் வாய்பாட்டுக்கு ஆசிரியர் ஒரு நிரூபணம் தருகிறார். கனசதுரத்துக்குள் கனசதுரமாக ஒரு வெற்றிடம் இருந்தால் என்ன ஆகும் என்கிறார் ஒரு மாணவர். படச் சட்டம் போல நடுவில் துளை இருந்தால் என்ன என்ற கேள்வியும் எழுகிறது. ஒவ்வொரு தாக்குதலுக்கும் தேற்றம் கொஞ்சம் மாறுகிறது, வரையறை இன்னும் கறாராகிறது. கணித வரலாற்றில் பல பத்தாண்டுகள் நடந்த விவாதத்தை அவர் ஒரே அறைக்குள் கொண்டுவந்தார். அதே ஆய்லர் வாய்பாடு நம் மாணவர்கள் கையில் இருக்கும் கென்னத் ரோசன் புத்தகத்தில் தள கிராஃப்களின் கீழ் வருகிறது. அந்தச் சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு மிஞ்சிய ஒரு தேற்றமாக, ஒரு பெட்டிக்குள். பாடப்புத்தகம் அப்படி இருப்பதில் தவறில்லை. சுருக்கமாகவும் பிழையில்லாமலும் இருப்பது அதன் கடமை. வகுப்பும் புத்தகத்தைப் போலவே இருந்துவிட்டால் ஆசிரியர் என்று ஒருவர் எதற்கு?

மாணவர்கள் அப்படிப்பட்ட ஆசிரியரைக் கேட்பதில்லையே என்று சொல்லலாம். உண்மைதான். 'சூப்பரா நடத்துவார்' என்ற பாராட்டு பெரும்பாலும் யாருக்குப் போகிறது? போர்டை மூன்றாகப் பிரித்து, தடங்கலே இல்லாமல் எழுதி, நோட்ஸும் இம்பார்ட்டண்ட் கேள்விகளும் தருபவருக்கு. தடுமாறிக் காட்டுபவருக்குப் பாடம் சரியாகத் தெரியாது என்ற பெயர்தான் வரும். இந்தத் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க விமானப்படை அகாதெமியில் மாணவர்கள் எந்த ஆசிரியரிடம் போவார்கள் என்பது குலுக்கல் முறையில் முடிவாகிறது, தேர்வும் எல்லாருக்கும் பொது. அங்கே கேரல், வெஸ்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், தம் நுண்கணிதத் தாளில் மாணவருக்குக் கூடுதல் மார்க் வாங்கித் தந்த ஆசிரியர்களுக்கு மதிப்பீடும் கூடுதலாக வந்தது. ஆனால் அதே மாணவர்கள் அதைத் தொடர்ந்து வரும் மேல்நிலைத் தாள்களில் பின்தங்கினார்கள். ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வும் இதை ஒட்டியதே: தாங்களே முட்டி மோதிக் கற்றவர்கள் சோதனையில் அதிகம் தேறினார்கள், ஆனால் சீரான விரிவுரையைக் கேட்டவர்களே அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். அவை நுண்கணிதமும் இயற்பியலும் அல்லவா என்று கேட்டால், ஆம். இருந்தாலும், போட்டுப் பழகிய முறை கைகொடுக்கும் பாடங்களிலேயே நிலைமை இப்படி என்றால், முறையே இல்லாமல் தேட வேண்டிய பாடத்தில் சீரான விரிவுரை தரும் 'புரிந்தது' என்ற உணர்வை இன்னும் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு தேர்விலிருந்து வருகிறது. பத்து இரண்டு மார்க் கேள்வி, பிறகு 'ஏ அல்லது பி' என்று பதினாறு மார்க் கேள்விகள், மூன்று மணி நேரம். இணைப்புக் கல்லூரி ஆசிரியர் இந்தத் தாளைத் தயாரிப்பதில்லை. எங்கோ ஒரு மையத்தில் திருத்தப்படுகிறது. ஒரு அரியர் விழுந்தால் வளாக நேர்காணலில் உட்காரவே விடாத நிறுவனங்கள் உண்டு. கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு அந்த அரியர் சின்ன விஷயம் இல்லை. ஆகவே பழைய வினாத்தாள்களைப் பார்த்து இவற்றைப் படித்துக்கொள் என்று சொல்லும் ஆசிரியரைச் சோம்பேறி என்று நான் சொல்ல மாட்டேன். அவர் மாணவர் மேல் உள்ள அக்கறையால்தான் அப்படிச் செய்கிறார். நேரமும் இல்லை, அறுபது எழுபது பேர் உள்ள வகுப்பில் ஐந்து யூனிட்டையும் செமஸ்டருக்குள் முடிக்க வேண்டும். இருந்தும், எல்லாத் தேற்றத்தையும் தேடிக் காட்டச் சொல்லவில்லை. யூனிட்டுக்கு ஒன்றோ இரண்டோ போதும். அப்படிக் காட்டுவது மனப்பாடச் சுமையைக் குறைக்கவும் செய்யும். ஒரு குலத்தில் சமனி உறுப்பு ஒன்றே ஒன்றுதான் என்பதற்கு இருப்பது ஒரே ஒரு யோசனை: இரண்டு சமனிகள் இருப்பதாக வைத்துக்கொண்டு, அவற்றைப் பெருக்கினால் வரும் விடையை இரண்டு விதமாகப் படிப்பது. எதிர்மறை உறுப்பு ஒன்றே என்பதற்கும் அதே குணமுள்ள யோசனைதான், மூன்று உறுப்புகளைச் சேர்த்து இரண்டு விதமாக அடைப்புக்குறி போட வேண்டும். கிராஃபில் எல்லா டிகிரிகளையும் கூட்டினால் கோடுகளின் எண்ணிக்கையைப் போல இரு மடங்கு வரும் என்பதும், ஒரே பொருளை இரண்டு விதமாக எண்ணுவதுதான். இதைப் பார்த்துவிட்ட மாணவருக்கு மூன்று நிரூபணங்களைத் தனித்தனியாக உருப்போடும் வேலை இல்லை.

தமிழ் வழியில் படித்து வந்த மாணவர்கள் இதில் தொலைந்துபோவார்கள், அவர்களுக்கு நோட்ஸ்தான் பிடிமானம் என்றும் சொல்கிறார்கள். எனக்கு நேர் எதிராகத்தான் தோன்றுகிறது. 2021இல் வந்த சட்டத்தால் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்திருக்கிறது. அப்படி வருபவர்களில் பலருக்கு ஆங்கிலத்தில் எழுதிய முடிந்த நிரூபணம் இரண்டு மடங்கு பாரம்: மொழியையும் சேர்த்து உருப்போட வேண்டும். தேடலைப் பேச்சில்தான் செய்ய முடியும், பேச்சு தமிழில் நடக்கும். 'இந்தப் புள்ளியைத் தூக்கிட்டா என்ன ஆகும்?', 'சரி, இது வேலைக்கு ஆகலை, அழிச்சிடுவோம்' என்று ஆசிரியர் பேசிக்கொண்டே போர்டில் போகும்போது யோசனை தாய்மொழியில் விளங்கிவிடுகிறது. கடைசியில் நான்கு வரியை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வது அதற்குப் பிறகு வரும் எளிய வேலை. மொழிக் குறைவைக் காரணம் காட்டி அந்த மாணவரிடமிருந்து யோசனையையும் பறித்துவிடக் கூடாது.

தேடட்டும் என்று சொல்வது, தனியாகத் தவிக்க விடுவதாகவும் ஆகிவிடலாம். டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் 1969 வரை பாடம் நடத்திய ஆர்.எல். மூர், மாணவர்கள் புத்தகத்தைத் தொடவே கூடாது, எல்லாத் தேற்றத்தையும் தாங்களே நிறுவிப் போர்டில் காட்ட வேண்டும் என்று விதி வைத்திருந்தார். அவரிடமிருந்து சிறந்த கணித அறிஞர்கள் வந்தார்கள். அதே மனிதர் கறுப்பின மாணவர்களைத் தம் வகுப்பில் சேர்க்க மறுத்தார் என்பதும் வரலாறு. யாரை உள்ளே விடுவது என்று தானே தேர்ந்துகொண்ட ஒருவருடைய வெற்றியை, கவுன்சிலிங்கில் வரும் எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் ஒரு கல்லூரிக்கு அளவுகோலாக வைக்க முடியாது. நான் கேட்பது அதைவிட மென்மையானது: முதலில் தடுமாற வேண்டியவர் ஆசிரியர், எல்லார் முன்னிலையிலும். அவர் ஒரு வழியை எழுதி, அது முட்டி நிற்பதைக் காட்டி, அடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினால், தன் நோட்டில் இருக்கும் அடித்தல்கள் தன் மூளைக் குறைவுக்குச் சாட்சி இல்லை என்று கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் தெரியும்.

இன்று இது இன்னொரு காரணத்துக்காகவும் அவசரமாகிவிட்டது. செல்போனில் கேள்வியைத் தட்டினால் அழகாக எழுதிய நிரூபணம் சில நொடிகளில் வந்துவிடுகிறது. சில நேரம் அது சரி, சில நேரம் மேலே பார்த்த பொய் நிரூபணத்தைப் போல ஓட்டையோடு, அதே கம்பீரத்தோடு வருகிறது. எழுதித் தருவது மலிவாகிவிட்ட இடத்தில், எழுதியதைச் சோதிக்கும் கண்தான் அரிது. அதை வளர்க்கப் பல்கலைக்கழகம் வினாத்தாளை மாற்றட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாள்களுக்கு 40 விழுக்காடு மதிப்பெண் இன்டர்னலில் இருக்கிறது, அந்த வினாத்தாள் கல்லூரியின் கையில் இருக்கிறது. அடுத்த இன்டர்னல் தேர்வில் ஒரு பெரிய கேள்விக்குப் பதிலாக, இணைந்த கிராஃபைப் பற்றிய அந்தத் தவறான நிரூபணத்தை முழுசாக அச்சிட்டு, எந்த வரியில் பிழை, ஏன் என்று கேட்கலாம். நான்கு புள்ளியும் இரண்டு கோடும் போட்டுக் காட்டியவருக்குப் பாதி மார்க். 'சேர்ப்போம்' என்ற வரியைச் சுட்டி, எதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்று எழுதியவருக்கு முழு மார்க்.