மைனஸ் முப்பதில் மல்லிகைக்கு ஒரு பங்காளி

வாசல்ல என்ன செடி வைக்கறதுங்கறதெல்லாம் ஒரு விஷயமா, இதுக்குப் போய் இவ்வளவு எழுதணுமான்னு நீங்க கேக்கலாம். நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய் ஒரு தொட்டிச் செடி வாங்கிட்டு வந்தா முடிஞ்சுது வேலைன்னு இருந்தேன். ஆனா அது முடிய ரெண்டு வருஷம் ஆச்சு.

2023 கடைசியில ஒட்டாவாவுல ஒரு சின்ன வீடு வாங்கினோம். வாங்கினோம்னா, முக்கால்வாசி பேங்க் வாங்கிச்சு, மிச்சத்த நாங்க வாங்கினோம் :-). வாசப்படிக்குப் பக்கத்துல ஒரு பாய் விரிக்கற அளவுக்கு மண் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்தவங்க அங்க வெறும் கூழாங்கல்ல கொட்டி வச்சிருந்தாங்க. தங்கமணி பாத்ததுமே சொல்லிட்டா: "வாசல்னா வாசனை இருக்கணும். கல்ல மொதல்ல அள்ளிப் போடுங்க."

தங்கமணிக்கு சிதம்பரம். எனக்கு கடலூர், திருப்பாதிரிப்புலியூர். ரெண்டு பேரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல ஒண்ணா இன்ஜினியரிங் படிச்சவங்க. நாலு வருஷமும் நான் ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளைன்னு ஸ்டேஷன் எண்ணிக்கிட்டே ரயில்ல போய் வந்தவன். அதனால எங்க வீட்டுல எந்தப் பேச்சு வந்தாலும் அது கடைசியில கடலூரா சிதம்பரமான்னுதான் போய் நிக்கும். செடி விஷயமும் தப்பல.

எங்க ஊர் பேர்லயே பாதிரி இருக்கு. பாடலீஸ்வரர் கோயிலோட தல மரம் அது. நல்ல வாசனைப் பூ. "எங்க ஊர் பேரே பூவுல ஆரம்பிக்குது, உங்க தில்லை மரம் என்னாச்சு? பால் கண்ணுல பட்டா கண்ணே போயிடும்"னு நான் ஆரம்பிச்சேன். பிச்சாவரம் போனா அந்தத் தில்லை மரத்த இன்னைக்கும் பாக்கலாம், சதுப்பு நிலக் காட்டுல நிக்கும். அதுக்கு அவ சொன்ன பதில இங்க எழுத முடியாது.

ஆனா ரெண்டு ஊருக்கும் பொதுவா ஒருத்தர் இருக்கார். புலிக்கால் முனிவர், அதாவது வியாக்ரபாதர். விடிஞ்சா வண்டு வந்து பூவ எச்சில் பண்ணிடும், இருட்டுல மரம் ஏறினா பனியில கால் வழுக்கும். அதனால புலியோட காலும் இருட்டுலயும் தெரியற கண்ணும் வேணும்னு சாமிகிட்ட கேட்டு வாங்கினவர். அதனாலதான் சிதம்பரமும் ஒரு புலியூர், எங்க ஊரும் ஒரு புலியூர். சின்ன வயசுல விடிகாலை அஞ்சரைக்கு அம்மா என்னை எழுப்பி பவழமல்லி பொறுக்க அனுப்பும்போது நான் மொணகினா இந்தக் கதையத்தான் சொல்வாங்க. "அவரு புலிக்கால் வாங்கிட்டு வந்து பறிச்சாரு, நீ கீழ விழுந்தத பொறுக்கறதுக்கு அழுவுற."

அந்த பவழமல்லி 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல்ல சாஞ்சிடுச்சு. அப்ப நான் ஒன்பதாவது படிக்கறேன். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பா போன புயல் அது, அதுக்கு நடுவுல எங்க வீட்டு மரம் எல்லாம் ஒரு கணக்கா? ஆனா அம்மா அதே எடத்துல ஒரு மல்லிச் செடி வச்சாங்க. கார்த்திகையில கவாத்து பண்ணி விட்டா, பங்குனியில ஆரம்பிச்சு கோடை முழுக்கப் பூக்கும். அது போதாதுன்னு தெனமும் சாயங்காலம் பூக்காரம்மா வேற வாசல்ல நின்னு குரல் குடுப்பாங்க, அப்பா போய் ரெண்டு மொழம் வாங்கிட்டு வருவார். "செடியிலதான் பூக்குதே"ன்னு அம்மா சொல்றதும், "அது சாமிக்கு, இது உனக்கு"ன்னு அப்பா சொல்றதும் எங்க வீட்டு தெனப்படி வசனம்.

2021-ல அப்பா போய்ட்டார். மல்லிச் செடி பாட்டுக்கு பூத்துக்கிட்டுதான் இருந்துச்சு. அம்மா பறிச்சுக் கட்டி சாமிக்கு வச்சது போக, மிச்சத்த எதிர் வீட்டு அக்காவுக்குக் குடுத்துடுவாங்க. ஒரு நாள் போன்ல பேசிக்கிட்டு இருக்கும்போது, நடுவுல, கேஸ் சிலிண்டர் வந்துச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னாங்க: "பூக்காரம்மா இப்ப நம்ம வாசல்ல குரல் குடுக்கறதில்லப்பா. வேகமா நடந்து போயிடுறா. பாவம், அவளுக்கும் சங்கடம்."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. "சரிம்மா, மாத்திரை போட்டீங்களா"ன்னு கேட்டேன்.

அந்த அம்மா 2024 மே மாசம் இங்க வரப் போறாங்கன்னதும்தான் வாசல் செடி சீரியஸ் ஆச்சு. மல்லி இங்க நடக்காது, உறைபனி பட்டாலே கருகிடும். தொட்டியில வச்சு வீட்டுக்குள்ள வளக்கலாம், ஆனா அது வாசல் செடி ஆகாது. கனடாவுல செடிகளுக்குன்னு 0-வுல இருந்து 9 வரைக்கும் குளிர் மண்டலம் பிரிச்சு வச்சிருக்காங்க. எண் கொறையக் கொறைய குளிர் அதிகம். ஒட்டாவா மண்டலம் 5-ல வரும். சில ராத்திரி மைனஸ் 30-ஐத் தொடும், ஒரு குளிர்காலத்துல மொத்தமா 2 மீட்டருக்கு மேல பனி கொட்டும். அதனால செடிச் சீட்டுல 4 அல்லது அதுக்குக் கொறஞ்ச எண் போட்டிருந்தா நிம்மதின்னு முடிவு பண்ணேன்.

தொழில் புத்தி போகுமா? ஒரு எக்செல் ஷீட் போட்டேன். குளிர் தாங்குமா, வாசனை உண்டா, எவ்வளவு உயரம், விஷமா, எவ்வளவு வெயில் வேணும். ஒரு சனிக்கிழமை மணிக்கு ஒரு தடவை கதவத் தொறந்து வாசல்ல வெயில் இருக்கான்னு குறிச்சேன். கிழக்குப் பாத்த வாசல், காலை 7-ல இருந்து 1 மணி வரைக்கும் வெயில். ஆறு மணி நேரம். நிறைய பூச்செடிக்கு அதுதான் குறைந்தபட்சத் தேவை. வாஸ்து பாத்து வீடு வாங்கச் சொன்ன மாமனாருக்கு நன்றி :-)

மொதல் பெயர் டாஃப்னி. வாசனை பிரமாதம், ஆனா செடி முழுக்க விஷம், பழம் வேற சிவப்பா அழகா இருக்கும். "தில்லை மரத்த கிண்டல் பண்ணிட்டு இதையா வாசல்ல வைக்கப் போற?" ரிஜெக்டட்.

ரெண்டாவது கிளெத்ரா. ஆடி மாசத்துல பூக்கும், கொஞ்சம் நிழலும் தாங்கும், ஆனா அமிலத்தன்மையான மண் வேணும். எங்க களிமண்ணுக்கு ஒத்து வராது. மூணாவது கொரியா நாட்டு வைபர்னம். வசந்த காலத்துலயே பூக்கும், கிராம்பு கலந்த மாதிரி வாசனை. நாலாவது மாக் ஆரஞ்சு. வெள்ளைப் பூ, ஆரஞ்சுப் பூ வாசனை, ஜூன்ல பூக்கும். "பூன்னா வெள்ளையா இருக்கணும்"னு தங்கமணி ஓட்டு இதுக்குத்தான்.

அஞ்சாவது லைலாக். படிச்சப்பதான் தெரிஞ்சுது, லைலாக்கும் நம்ம மல்லியும் ஒரே குடும்பம். ஆலிவ் குடும்பம்னு சொல்றாங்க, பவழமல்லியும் அதுலதான் வருது. மூணும் பங்காளிங்க! ஆனா குணம் நேர் எதிர். மல்லிக்குக் குளிர் ஆகாது. லைலாக்குக்குக் குளிர் இல்லைன்னா ஆகாது. குளிர்காலத்துல நல்லா வாரக்கணக்குல குளிர் பட்டாத்தான் மொட்டு ஒழுங்கா விரியும். கடலூர்ல கொண்டு போய் வச்சா இலை விட்டாலும் பூக்காது. போன கோடையிலயே உருவான மொட்ட வச்சுக்கிட்டு அந்தப் பனி முழுக்க சும்மா நிக்குமாம்.

ஒட்டாவாவுல மத்திய பரிசோதனைப் பண்ணைன்னு ஒண்ணு இருக்கு, 1886-ல ஆரம்பிச்சது. அங்க இசபெல்லா பிரஸ்டன்னு ஒரு அம்மா 1920-ல இருந்து வேலை பாத்தாங்க. குளிருக்கு அசராத லைலாக் வகைகள ஒட்டுச் சேர்த்து உருவாக்கினாங்க, ஷேக்ஸ்பியர் நாடகத்துப் பெண்களோட பேர அதுங்களுக்கு வச்சாங்க. அந்த வகைக்கே இப்ப பிரஸ்டன் லைலாக்னுதான் பேர். பண்ணையில லைலாக் வரிசை வரிசையா நிக்குது.

அம்மா வந்து பத்து நாள்ல, மே கடைசியில, அங்க கூட்டிட்டுப் போனோம். ஸ்வெட்டர், அதுக்கு மேல சால்வை, கால்ல சாக்ஸோட செருப்பு. ஒவ்வொரு கொத்தா மொகத்துகிட்ட இழுத்து மோந்து பாத்துக்கிட்டே போனாங்க. ஒரு எடத்துல ரொம்ப நேரம் நின்னாங்க. தங்கமணி பக்கத்துல போய் மெதுவா, "அத்தை, கீழ ஒரு கொத்து விழுந்து கிடக்கு, தலையில வச்சு விடவா?"ன்னு கேட்டா.

அம்மா சிரிச்சாங்க. "வேணாம்மா. நீ வச்சுக்க." அப்புறம் கொஞ்ச தூரம் நடந்துட்டு, "இதைக் கட்ட முடியாது போல, காம்பே இல்லையே. செடியிலயே இருக்கற பூவு. போற வர்றவங்களுக்கு எல்லாம் வாசனை"ன்னாங்க.

எக்செல் ஷீட்டுல இல்லாத ஒரு காலம் அது. நான் அன்னைக்கு ராத்திரியே மாக் ஆரஞ்ச அடிச்சுட்டேன். தங்கமணியும் வெள்ளைப் பூவப் பத்தி அதுக்கப்புறம் பேசல.

சாதா லைலாக் 4, 5 மீட்டர் வளரும், ஜன்னலையே மறைச்சுடும். இலையில சாம்பல் நோய் வேற. அதனால மிஸ் கிம்னு ஒரு குட்டை வகை. ரெண்டு மீட்டருக்கு மேல போகாது, சாம்பல் நோயும் அவ்வளவா வராது, மண்டலம் 3 வரைக்கும் தாங்கும். 1947-ல எல்வின் மீடர்னு ஒரு அமெரிக்கத் தாவர விஞ்ஞானி கொரியா மலையில விதை எடுத்துட்டு வந்து வளத்தது. எங்களை மாதிரியே கடல் தாண்டி வந்து அடுத்தவங்க ஊர் வாசல்ல நிக்கற கேசு.

ஜூன் மொத வாரம் நட்டோம். செவுத்துல இருந்து ஒரு மீட்டர் தள்ளி, கூரைப் பனி சரிஞ்சு மேல விழாத எடமா பாத்து. குழி வேர்க்கட்டி மாதிரி ரெண்டு மடங்கு அகலம், ஆழம் மட்டும் வேர்க்கட்டி அளவுதான். அம்மா எனக்கு முன்னாடி எழுந்து, அஞ்சரைக்கே சால்வையப் போத்திக்கிட்டு தண்ணி ஊத்துவாங்க. பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னல் வழியா கையாட்டுவாங்க. அக்டோபர்ல ஊருக்குக் கெளம்பும்போது, "குளிருக்கு ஏதாவது போத்தி விடுப்பா"ன்னு செடியப் பாத்துச் சொன்னாங்க. குளிருக்கு அதுக்குப் போர்வை தேவையில்லை. ஆனா ரோட்டுல போடற உப்பு ஆகாதுன்னு, நானும் சாக்கு சுத்தி விட்டேன். படியில உப்புக்குப் பதிலா மணல் போட்டேன்.

ஜனவரி, பிப்ரவரியில சாக்கோட நுனி மட்டும்தான் வெளிய தெரிஞ்சுது. போன் பண்ணும்போதெல்லாம் அம்மாவோட மொதக் கேள்வி, "செடி இருக்கா?" ஏப்ரல்ல நகத்தால ஒரு குச்சியச் சுரண்டிப் பாத்தேன். தோலுக்குக் கீழ பச்சை. போட்டோ எடுத்து அனுப்பினேன்.

2025 ஜூன்ல மூணே மூணு கொத்து பூத்துச்சு. வீடியோ கால்ல காட்டினேன். "கலரு நல்லாருக்கு"ன்னாங்க. ஒரு வாரம் கழிச்சு, ஒரு நாள் சாயங்காலம், பார்சல் குடுக்க ஒருத்தர் வந்தார். எப்பவும் பெட்டிய வச்சுட்டு மணிய அடிச்சுட்டு ஓடறவர். அன்னைக்கு நான் கதவத் தொறந்தா, இன்னும் படியிலயே நிக்கறார். குனிஞ்சு பூவ மோந்துக்கிட்டு இருந்தார். என்னைப் பாத்ததும் வெட்கமா சிரிச்சுட்டுப் போனார்.

ராத்திரி அம்மாகிட்ட சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"நின்னாரா?"

"நின்னாரும்மா."

"ம்"னாங்க. அப்புறம் மாத்திரை போட்டாச்சுன்னு அவங்களே சொன்னாங்க.

பி.கு: லைலாக் வச்சிருக்கறவங்க, வெட்டணும்னா பூ முடிஞ்ச கையோட வெட்டிடுங்க. நம்ம மல்லி நெனப்புல கார்த்திகையில கத்திரியத் தூக்கினா அடுத்த வருஷப் பூவ வெட்டினதாயிடும். அனுபவம் இல்ல, அம்மா புண்ணியத்துல தப்பிச்சேன். வெட்டப் போறதுக்கு முன்னாடி "நல்லா விசாரிச்சியா?"ன்னு கேட்டாங்க :-)