எட்டு நாள் விடுப்பு

அப்பா போர்ட் சுவெட்டன்ஹாமில் மூட்டை தூக்கியவர். 1972இல் ஊர்ப்பெயர் போர்ட் கிள்ளான் ஆனது. மறு ஆண்டே கொள்கலன் முனையம் வந்தது. அங்கே எனக்கு வேலை கிடைத்த அன்று, "அரசாங்க வேலைய்யா, பென்ஷன் உண்டு" என்று அம்மா மாரியம்மனுக்கு அர்ச்சனை வைத்தார்.

1986இல் அந்த முனையத்தைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். மலேசியத் துறைமுகங்களில் முதல் தனியார்மயம் அதுதான். ஐந்தாண்டுக்கு ஆட்குறைப்பு இல்லை என்று உறுதி தந்தார்கள். புது நிறுவனத்துக்கு மாறக் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று கேன்டீனில் விடிய விடியப் பேசினோம். போட்டோம். உண்மையைச் சொல்ல வேண்டும்: எங்களுக்குப் பெரிய அடி விழவில்லை. பின்னால் வந்தவர்களுக்குத்தான் விழுந்தது.

என் தம்பி லேஷிங் வேலைக்குப் போனான். அடுக்கிய கொள்கலன்களை ஆளைவிட நீளமான இரும்புத் தடிகளால் கப்பல் தட்டோடு இறுக்குவதும், கரை சேர்ந்ததும் கழற்றுவதும்தான் லேஷிங். மழையில் தடி வழுக்கும். வெயிலில் கையுறையையும் தாண்டிச் சுடும். அவன் குத்தகை ஆள். இரண்டு ஆண்டுக்கொரு முறை டெண்டர் மாறும். புது முதலாளி, புதுச் சட்டை. தளம் அதே தளம், தடி அதே தடி.

"அண்ணே, பதினோரு வருசமாக் கட்டுறேன், ஏன் இன்னும் எட்டு நாள் லீவு?" என்று ஒருநாள் கேட்டான்.

வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு எட்டு நாள் விடுப்பு. அதற்கு மேல் பன்னிரண்டு. ஐந்தாண்டு தாண்டினால் பதினாறு. அந்தக் கணக்கு ஒரே முதலாளியிடம் பார்த்த ஆண்டுகளுக்கு மட்டும். சட்டை மாறும்போதெல்லாம் அவன் புது ஆள். அம்மாவின் கருமாதிக்கு அவனுக்கு விடுப்பு மிச்சமில்லை. ராத்திரி ஷிப்ட் முடித்து, கிரீஸ் படிந்த கையோடு வந்துதான் பிண்டம் பிடித்தான்.

குத்தகை முறைக்குச் சட்டத்தில் இடம் தரும் திருத்தத்தை எதிர்த்து 2011 நவம்பரில் தொழிற்சங்கக் காங்கிரஸ் மறியல் நடத்தியது. நானும் பதாகை பிடித்து நின்றேன். 2012 ஏப்ரலில் திருத்தம் நடப்புக்கு வந்துவிட்டது.

முதுகெலும்பு தேய்ந்து தம்பி வேலையை விட்டபோது, அந்தத் தளத்தில் அவனுக்குப் பத்தொன்பது ஆண்டு. கடைசிக் குத்தகையாளர் தந்த கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. சேவைக் காலம்: ஓராண்டு நான்கு மாதம்.